லிஸ்டட் வீட்டுல யாரோ கேக்காம பண்ணிட்டுப் போன வேலை: பின்னாடி கன்சென்ட் வாங்கலாமா, இன்சூரன்ஸ் போதுமா, பழையபடி மாத்திடலாமா?

போன வாரம் ஹாரோல இருக்குற என் சித்தப்பா பையன் போன் பண்ணான். கென்ட் பக்கம் கிரேட் டூ லிஸ்டட் வீடு (பழமைக்காக அரசாங்கம் பாதுகாக்குற பட்டியல்ல இருக்குற வீடு, கிரேட் டூங்கறது அதுல ஒரு படி) ஒண்ணு பாத்து ஆஃபர் போட்டு ஓகே ஆகி, இப்ப சர்வே ரிப்போர்ட் வந்திருக்கு. அதுல, பின்பக்க ஜன்னல் மூணும் பிளாஸ்டிக், முன் சுவர் முழுக்க சிமென்ட் பூச்சு, மாடில ஒரு பெட்ரூம் மூலைய தடுத்து ஷவர் ரூம், இது எதுக்குமே லிஸ்டட் பில்டிங் கன்சென்ட், அதாவது அந்த மாதிரி வீட்டுல கை வைக்க கவுன்சில் தர்ற அனுமதி, வாங்குன ரெக்கார்ட் இல்லன்னு எழுதியிருக்காங்க. "அண்ணா, விக்கிறவங்க இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துத் தர்றோம்னு சொல்றாங்க, வாங்கிக்கிட்டு விட்டுடலாமா?"ன்னு கேட்டான். ஆறு வருஷம் முன்னாடி எங்க லிஸ்டட் வீடு வாங்கும்போது, அங்கயும் யாரோ கேக்காம ஒரு சுவர எடுத்து, ஃபயர்பிளேஸ கழட்டி, பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருந்ததால, நானும் என் மனைவியும் இதே கேள்விய வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் தூங்காம இருந்தோம், அப்ப தமிழ்ல இத யாராவது எழுதி வச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு, அதான் உக்காந்து எழுதுறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்து வேல்ஸ்ல சட்டம் வேற.

முதல்ல ஒரு விஷயம் மனசுல ஏறணும். சாதாரண வீட்டுல பிளானிங் பெர்மிஷன் இல்லாம பின்னாடி ஒரு ரூம் இழுத்துக் கட்டினா அதுவே கிரிமினல் குத்தம் கிடையாது, கவுன்சில் நோட்டீஸ் விட்டு அதயும் கண்டுக்காம இருந்தாதான் குத்தம். லிஸ்டட் கட்டடம் அப்படி இல்ல. 1990ம் வருஷ லிஸ்டட் பில்டிங் சட்டத்துல, கட்டடத்தோட தன்மைய பாதிக்கிற மாதிரி கன்சென்ட் இல்லாம கை வச்சா, வச்ச அன்னைக்கே அது குத்தம். அதிகபட்சம் ரெண்டு வருஷம் ஜெயில், ஃபைனுக்கு வரம்பே இல்ல. லிஸ்ட்ல இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்கறது காரணமா எடுபடாது. வெளிப்பக்கம் மட்டும்தான் பாதுகாப்பு, உள்ள நம்ம இஷ்டம்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அதுவும் தப்பு. லிஸ்ட்ல இருக்குற வீட்டுல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல கிரேட் டூ தான், கிரேட் டூனாலும் உள்ள இருக்குற படிக்கட்டு, கதவு, ஃபயர்பிளேஸ், சுண்ணாம்புப் பூச்சு எல்லாமே சேர்த்துதான், வீட்டோட சேர்ந்த வளாகத்துல 1948 ஜூலை 1க்கு முன்னாடியிருந்தே இருக்குற ஷெட்டும் மதிலும் கூட பொதுவா அதுல வந்துடும். பழைய லிஸ்ட் குறிப்பு நாலு வரில முன்பக்கத்த மட்டும் சொல்லியிருக்கும், அது வீட்ட அடையாளம் காட்டுறதுக்கு எழுதினது, அதுல சொல்லாதது எல்லாம் ஃப்ரீன்னு அர்த்தம் இல்ல.

இதுல வாங்குறவங்களுக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கு. நல்லது, முன்னாடி இருந்தவர் பண்ண வேலைக்கு நம்ம மேல கேஸ் வராது, குத்தம் பண்ணவர் அவர்தான். கெட்டது, சரி பண்ணுன்னு சொல்ற என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ் இப்ப யார் ஓனரோ அவங்க பேருக்குத்தான் வரும், அதுக்கு காலக்கெடுவே கிடையாது, வந்த நோட்டீஸ கண்டுக்கலன்னா அப்புறம் குத்தம் நம்மளோடது.

சும்மா இருந்துடலாம்ங்கறதுதான் எல்லாரும் முதல்ல சொல்ற வழி, அந்தக் காலக்கெடு விஷயம் தெரியாததாலதான் அப்படி சொல்றாங்க. "பத்து வருஷம் ஆச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு எங்க ஃப்ரெண்ட்ஸ்ல மூணு பேராவது அடிச்சுச் சொன்னாங்க. அது சாதாரண பிளானிங்குக்கு. அங்க முன்னாடி சில விஷயத்துக்கு நாலு வருஷம், சிலதுக்குப் பத்து வருஷம்னு இருந்துச்சு, 2024 ஏப்ரல் 25லருந்து பொதுவா பத்துன்னு ஆக்கிட்டாங்க. லிஸ்டட் பில்டிங்குக்கு அந்த நாலும் கிடையாது பத்தும் கிடையாது. வாரிக்‌ஷையர்ல இட்லிகோட் ஹவுஸ்னு ஒரு வீடு, அங்க தோட்டத்துல சுண்ணாம்புக்கல் பீடம் ரெண்டு, அது மேல பதினெட்டாம் நூற்றாண்டு ஈய ஜாடி ரெண்டு. வீட்டோட சேர்த்து இல்லாம அதுங்க தனியாவே லிஸ்ட் ஆகியிருந்துச்சு. ஓனர் டில்ங்கறவர் 2009ல அத ஏலத்துல 55,000 பவுண்டுக்கு வித்துட்டார். அஞ்சு வருஷம் கழிச்சு 2014ல கவுன்சில் கேட்டுச்சு. அவர் அப்புறமா கன்சென்டுக்கு அப்ளை பண்ணார், மறுத்துட்டாங்க, 2016ல திரும்பக் கொண்டு வந்து வைங்கன்னு நோட்டீஸ். அப்பீல் மேல அப்பீல் போயி 2020 மே மாசம் சுப்ரீம் கோர்ட்ல, அந்த ஜாடி உண்மையிலேயே பில்டிங் தானாங்கறதயே இன்ஸ்பெக்டர் பாத்திருக்கணும்னு சொல்லி கேஸ திருப்பி அனுப்புனாங்க. அவருக்கு சாதகமாத்தான் வந்துச்சு, ஆனா ஜாடிய வித்து பதினோரு வருஷம் ஆயிடுச்சு. அத்தன வருஷம் அந்தத் தலைவலிய சுமக்க யாருக்குத் தெம்பு இருக்கு சொல்லுங்க.

அடுத்தது தம்பி கேட்ட அந்த இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ். விக்கிறவங்க சாலிசிட்டர் (வீட்டு வக்கீல்) இதத்தான் முதல்ல நீட்டுவாங்க, ஏன்னா அவங்களுக்கு சில நூறு பவுண்டுல ஒரே நாள்ல வேலை முடிஞ்சுடும், பேங்கும் பெரும்பாலும் ஏத்துக்கும். கெட்டதுன்னு சொல்ல மாட்டேன், அது என்ன பண்ணும் என்ன பண்ணாதுன்னு தெரிஞ்சு வாங்கணும். பழைய வேலைக்கு கவுன்சில் நோட்டீஸ் விட்டா பழையபடி மாத்துற செலவோ வீட்டு மதிப்பு குறையுறதோ பாலிசில போட்ட தொகை வரைக்கும் கிடைக்கும். வேலைய சட்டப்படி ஆக்காது. நீங்களே பண்ண வேலைக்கு உதவாது. வேலை முடிஞ்சு இவ்வளவு மாசம் ஆகியிருக்கணும்னு கண்டிஷன் இருக்கும். எல்லாத்தயும் விட முக்கியமா, இந்த வேலைய பத்தி கவுன்சில்கிட்ட யாரும் பேசியிருக்கக் கூடாது, இனிமேலும் பேசக் கூடாதுன்னு இருக்கும். வாங்குறவர் ஆர்வத்துல கவுன்சில்ல பழைய கட்டடங்கள பாத்துக்கிற கன்சர்வேஷன் ஆஃபீசருக்கு ஒரு ஈமெயில் போட்டு "இந்த ஜன்னலுக்கு அனுமதி இருக்கா?"ன்னு கேட்டுட்டா அதுக்கப்புறம் பாலிசியே கிடைக்காம போகலாம், எடுத்த பாலிசியும் செல்லாம போகலாம். அதனாலதான் தம்பிகிட்ட நான் முதல்ல சொன்னது, வழிய முடிவு பண்ற வரைக்கும் கவுன்சிலுக்கு போன் போடாத, உன் சாலிசிட்டர்கிட்ட மட்டும் பேசுன்னு.

ஆனா இங்கதான் பெரிய சிக்கல், நாங்க மாட்டுனதும் இங்கதான். வீட்ட அப்படியே வச்சு குடியிருக்கறவங்களுக்கு இன்சூரன்ஸ் சரி. எங்களுக்கு கிச்சன மாத்தணும்னு இருந்துச்சு, அதுக்கு கன்சென்ட் வேணும், கன்சென்ட் போட்டா ஆஃபீசர் வீட்டுக்குள்ள வருவாங்க, வந்தா கிச்சன மட்டும் பாத்துட்டுப் போக மாட்டாங்க. அதாவது பாலிசிய காப்பாத்தணும்னா வீட்டுல எந்தப் பெரிய வேலையும் பண்ண முடியாது. எங்க சாலிசிட்டர் இத ஒரு வார்த்தை சொல்லல, பாலிசிய கையில குடுத்து ஆல் ஓகேன்னுட்டார். வாங்கி எட்டு மாசம் கழிச்சு கிச்சன் டிசைனர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.

சரி, அப்ப நாங்க போனது மூணாவது வழிக்கு, வேலை முடிஞ்சப்புறம் வாங்குற கன்சென்ட். இங்கிலீஷ்ல ரெட்ரோஸ்பெக்டிவ்ங்கற வார்த்தைய கேட்டதும் முன்தேதி போட்டு எல்லாத்தயும் சுத்தம் பண்ணிடும்னு தோணும். அப்படி இல்ல. பண்ண வேலைய அப்படியே வச்சுக்க அனுமதி குடுக்குறாங்க, குடுத்த தேதிலருந்துதான் அது செல்லும், அதுக்கு முன்னாடி நடந்த குத்தம் குத்தமாத்தான் நிக்கும். வாங்குனவங்களுக்கு அதனால பிரச்சனை இல்ல, குத்தம் நம்மளோடது இல்லையே. தானே வேலை பண்ணிட்டு இப்ப முழிக்கிறவங்க இருந்தா, அப்ளிகேஷன்ல கையெழுத்து போடுறது ஒரு வகையில ஒத்துக்கிட்ட மாதிரி, ஃபார்ம்லயே வேலை ஏற்கனவே ஆரம்பிச்சாச்சா, எப்பன்னு கேள்வி இருக்கு, அதனால தயவுசெஞ்சு முதல்ல இந்த விஷயம் தெரிஞ்ச ஒரு சாலிசிட்டர பாத்துட்டுத்தான் கவுன்சில் பக்கம் போங்க. கூரை இடிஞ்சு விழுற மாதிரி இருந்துச்சு, அவசரத்துக்கு பண்ணேன்னு சொல்றவங்களுக்கு சட்டத்துல ஒரு இடம் இருக்கு, ஆனா ரொம்ப குறுகலான இடம். உண்மையிலேயே அவசரமா இருக்கணும், முட்டுக் குடுத்தோ ரிப்பேர் பண்ணியோ சமாளிக்க முடியாம இருக்கணும், தேவையான அளவுக்கு மேல ஒரு செங்கல்லயும் தொட்டிருக்கக் கூடாது, முடிஞ்ச வேகத்துல கவுன்சிலுக்கு எழுத்துல சொல்லியிருக்கணும், நாலும் சேர்ந்து இருந்தாதான்.

அப்ளிகேஷனுக்கு கவுன்சில் ஃபீஸ் கிடையாது, இது பலருக்கும் தெரியாது. செலவு வேற இடத்துல வரும். வரைபடம், வீட்டோட வரலாறும் மதிப்பும் சொல்ற ஹெரிடேஜ் ஸ்டேட்மென்ட், முன்கூட்டி ஆலோசனை கேட்டா அதுக்கு பல கவுன்சில்ல தனி ஃபீஸ். எட்டு வாரத்துல முடிவு சொல்லணும்ங்கறது கணக்கு, எங்களுக்கு பதினஞ்சு வாரம் ஆச்சு. மறுத்தா ஆறு மாசத்துக்குள்ள அப்பீல் போகலாம். சாதாரண வீட்டுக்கு ஏற்கனவே இருக்குறது சட்டப்படி சரின்னு ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்குறாங்களே, அது இதுக்கு வராது. லிஸ்டட் பில்டிங்குக்கும் ஒரு லாஃபுல்னஸ் சர்ட்டிஃபிகேட் இருக்கு, ஆனா இனிமே பண்ணப் போற வேலைக்கு கன்சென்ட் தேவையில்லன்னு சொல்றதுக்கு மட்டும், முடிஞ்ச வேலைக்கு கிடையாது. ஒரு ஏஜென்ட் எங்களுக்கு அத எடுத்துத் தர்றேன்னு காசு கேட்டார், நல்லவேளை குடுக்கல.

கிடைக்குமா கிடைக்காதான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? எனக்கு எங்க அப்ளிகேஷன பாத்த கன்சர்வேஷன் ஆஃபீசர் அம்மா சொன்னதுதான் கடைசி வரைக்கும் உதவுச்சு. இந்த வேலை இன்னும் நடக்கல, இப்பதான் கேட்டு வந்திருக்கீங்கன்னு வச்சுக்கிட்டு நான் பாப்பேன், அப்ப குடுத்திருப்பேனா இல்லையா, அவ்வளவுதான்னாங்க. ஏற்கனவே செலவு பண்ணியாச்சு, உடைச்சா நஷ்டம், குழந்தைங்க இருக்காங்க, இதெல்லாம் தராசுல ஏறவே ஏறாது. கட்டடத்துக்கு என்ன பாதிப்பு, அந்தப் பாதிப்ப நியாயப்படுத்துற மாதிரி பொதுநன்மை ஏதாவது இருக்கா, அதத்தான் பாப்பாங்க.

அந்தம்மா எங்க வீட்டுக்கு வந்த நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. முன் ரூமுக்கும் சாப்பாட்டு ரூமுக்கும் நடுவுல சுவர எடுத்திருந்த இடத்துல மண்டி போட்டு உக்காந்து, தரை பலகைல விரல வச்சு ஒரு கோடு மாதிரி தடவிக் காமிச்சாங்க, சுவர் நின்ன இடத்துல பலகை நிறம் வேற, பக்கத்துல ஆணித் துளை வரிசை. அப்புறம் சுவருல உள்ளங்கைய வச்சு இந்தப் பக்கம் ஜிப்சம் அந்தப் பக்கம் சுண்ணாம்புன்னாங்க, தட்டிப் பாத்தப்ப எனக்கே சத்தத்துல வித்தியாசம் தெரிஞ்சுது. அந்த வீட்டுல ஒண்ணரை வருஷமா இருந்தும் நான் ஒரு நாளும் அப்படி தொட்டுப் பாத்ததில்ல.

முடிவு இப்படி வந்துச்சு. சுவருக்கு கன்சென்ட் கிடைச்சுது, ஆனா ரெண்டு பக்கமும் ஒரு முழம் சுவரும் மேல சீலிங்லருந்து கொஞ்சம் கீழ இறங்குற சுவரும் திரும்பக் கட்டணும், இங்க ரெண்டு ரூம் இருந்துச்சுன்னு பாக்குறவங்களுக்கு தெரியணும்னு கண்டிஷன். அதோட பில்டிங் ரெகுலேஷன், அதாவது கட்டுன வேலை பாதுகாப்பா இருக்கணும்ங்கற விதி, தனிக் கணக்குங்கறதயும் அப்பதான் புரிஞ்சுக்கிட்டோம். மேல பாரம் தாங்குற பீம் சரியா இருக்கான்னு இன்ஜினியர் பாத்து, முடிஞ்ச வேலைக்கு அப்புறமா குடுக்குற ரெகுலரைசேஷன் சர்ட்டிஃபிகேட் வாங்கணும், 1985 நவம்பர் 11க்கு அப்புறம் பண்ண வேலைக்கு அது கிடைக்கும். மாடில எடுத்துட்டுப் போன ஃபயர்பிளேஸ பத்தி அவங்க பெருசா ஒண்ணும் கேக்கல, அது எங்க போச்சுன்னே தெரியாதப்ப இன்னொரு வீட்டுலருந்து ஒண்ண வாங்கி வைக்கிறது பொய்யா இருக்கும்னாங்க, அந்தப் பதில் எனக்கு ரொம்ப பிடிச்சுது. பிளாஸ்டிக் ஜன்னலுக்கு மட்டும் வாய்ப்பே இல்லன்னு நேராவே சொல்லிட்டாங்க.

அதனால ஜன்னல்ல நாங்க எடுத்தது நாலாவது வழி, பழையபடி மாத்துறது. தோத்துப் போன வழி மாதிரி தோணும், எங்களுக்கு அப்படி இல்ல. கேட்டு மறுக்கற வரைக்கும் காத்திருக்காம, சுவர வச்சுக்கிறோம் ஜன்னல மாத்துறோம்னு ஒரே அப்ளிகேஷன்ல ரெண்டயும் சேர்த்துப் போட்டோம். பழைய ஜன்னல் எப்படி இருந்துச்சுன்னு ஆதாரம் வேணும்னாங்க. கூகுள் ஸ்ட்ரீட் வியூல பழைய வருஷத்துக்குப் போயி பாத்தா பக்கத்து சந்துலருந்து எங்க பின்பக்கம் அரைகுறையா தெரிஞ்சுது, ஆறு கண்ணாடிக் கட்டம் மேல, ஆறு கீழ. நீங்களும் முதல்ல அங்க தேடுங்க, அப்புறம் 2000ம் வருஷம் வாக்குல லிஸ்ட்ல இருக்குற கட்டடத்த எல்லாம் வாலன்டியர்ங்க போட்டோ எடுத்து வச்ச இமேஜஸ் ஆஃப் இங்கிலாந்துங்கற தொகுப்புல பாருங்க, வீட்ட முன்னாடி வித்தப்ப எஸ்டேட் ஏஜென்ட் போட்ட படத்தயும் தேடுங்க. மர சாஷ் ஜன்னல் (மேலயும் கீழயும் தள்ளித் திறக்குற வகை) ஒண்ணுக்கு 2,000 பவுண்டுக்கு குறையாம கேட்டாங்க, அதுக்கு மேல வாட் வரி, லிஸ்டட் வீட்டுல அனுமதி வாங்குன மாற்றத்துக்கு இருந்த வாட் சலுகைய 2012 அக்டோபர்லயே எடுத்துட்டாங்க. ஒரே நேரத்துல எங்களால முடியல, ஒண்ணரை வருஷம் டைம் கேட்டோம், குடுத்தாங்க. கவுன்சிலே நோட்டீஸ் விட்டிருந்தா அந்த டைம அவங்க முடிவு பண்ணியிருப்பாங்க. கார்பென்டர் பிளாஸ்டிக்க எடுத்தப்ப பழைய சாஷ் பெட்டி சுவருக்குள்ளயே மூடிக் கிடந்துச்சு, உள்ள இரும்பு எடைக்கல் ரெண்டு, துருப்பிடிச்சு, அறுந்த கயிறோட. அத சுத்தம் பண்ணி அதயே மாட்டுனார். இப்ப என் பொண்ணு ஒரு விரலால ஜன்னல மேல தூக்குறா.

அஞ்சாவதா ஒரு வழி இருக்கு, அது கையெழுத்து போடாதவங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும், தம்பிக்கு அது இருக்குங்கறதுதான் எனக்கு நிம்மதி. எக்ஸ்சேஞ்ச், அதாவது ரெண்டு பக்கமும் ஒப்பந்தத்த மாத்திக்கிறது, ஆகுறதுக்கு முன்னாடி விக்கிறவங்களையே அப்ளை பண்ணச் சொல்றது. கன்சென்ட் கட்டடத்தோட போகும், ஆள் மாறினாலும் செல்லும். மூணு நாலு மாசம் தள்ளும், விக்கிறவங்களுக்கு பிடிக்காது, வேலை பண்ணதே அவங்கன்னா இன்னும் பிடிக்காது. அப்ப விலைய குறைக்கச் சொல்லலாம், இல்ல ஒரு தொகைய சாலிசிட்டர்கிட்ட பிடிச்சு வச்சுட்டு வேலை முடிஞ்சதும் கணக்குப் பாக்கலாம். வாங்கி முடிச்சதுக்கு அப்புறம் இந்த மூணுமே கிடையாது.

அதனால தம்பி கேட்டதுக்கு என் பதில், மூணு வேலைக்கும் ஒரே பதில் தேடாதங்கறதுதான். ஷவர் ரூம் லேசான தடுப்பு, பழைய சுவரையோ மேல இருக்குற பூவேலையையோ வெட்டலன்னா எப்ப வேணா கழட்டலாம், அதுக்கு பின்னாடி கன்சென்ட் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு, பைப் எந்தப் பக்கமா வெளிய வருதுன்னு மட்டும் பாரு. ஜன்னல் கிடைக்காதுன்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடு. அந்த முன் சுவர் சிமென்ட் பூச்சுதான் எனக்கு உண்மையிலேயே கவலை, அது அனுமதிப் பிரச்சனைக்கு முன்னாடி வீட்டுப் பிரச்சனை. சுண்ணாம்புச் சாந்துல கட்டுன சுவர் ஈரத்த உள்ள இழுத்து வெளிய விடும், சிமென்ட் அந்த வழிய அடைச்சிடும், ஈரம் உள்ளயே தங்கி மரச்சட்டம் இருந்தா அத அரிச்சிடும். ஆனா அத உரிக்கும்போது பழைய செங்கல் முகமும் சேர்ந்து பேர்ந்து வரலாம், அதனால அதுக்கும் கன்சென்ட் கேட்டுத்தான் தொடணும், முதல்ல ஒரு சின்ன இடத்துல உரிச்சுப் பாக்கணும். இதுக்கு அந்த இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் காசு தராது, அவங்க குடுக்குறது கவுன்சில் நோட்டீஸுக்கு மட்டும், ஈரத்துக்கு இல்ல.

இன்சூரன்ஸ வேணாம்னு சொல்லவும் வேணாம்னேன். விக்கிறவங்க அப்ளை பண்ண ஒத்துக்கலன்னா, விலை குறைஞ்சா, நீயும் அடுத்த சில வருஷம் எதயும் தொடப் போறதில்லன்னா, அப்ப எடுத்துக்கோ, ஆனா உங்க வீட்டம்மா கிச்சன மாத்தணும்னு ஏற்கனவே படம் எல்லாம் சேத்து வச்சிருக்காங்கன்னு நீதான் சொன்ன, அப்ப அந்தப் பாலிசி ஒரு வருஷம் கூட தாங்காது. அவன் அன்னைக்கு சாயங்காலமே சாலிசிட்டருக்கு எழுதிட்டான், எக்ஸ்சேஞ்ச் தேதிய நிறுத்தி வைங்க, பழைய கட்டடம் பாக்குற சர்வேயர் ஒருத்தர் வந்து சிமென்ட் பூச்ச பாத்து செலவு சொன்னப்புறம்தான் விலை பேசுறோம்னு. வர்ற சனிக்கிழமை நானும் கூடப் போறேன்.